வாராத மாணாக்கன்

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்துள் ஆசிரியரையும் மாணாக்கரையும் வகைப்படுத்திக் காட்டிய திறம் இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததே. நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறினார். ஆகாத ஆசிரியனுக்குக் கழற்குடம், மடற்பனை முதலியவற்றைக் காட்டினார். மாணாக்கரை அன்னமும் ஆவும் முதலாக வைத்து எண்ணித் தலை, இடை, கடை எனப் பகுத்தார். பாடங்கேட்டற்குத் தகாதார் இன்னின்னார் என்று ஒரு நீண்ட வரிசையும் தந்தார். இத்துணையும் நுணுகி ஆராய்ந்தவர் ஒருவனை மட்டும் கூறாது விடுத்தார். அவன் வாராத மாணாக்கன். அவன் அன்னம் போல்வானோ எருமை போல்வானோ என்று துணிதற்கும், அவன் முதற்கண் ஆசிரியன்முன் வந்து நின்றாலன்றோ இயலும்?

இது நன்னூலார்மேற் குற்றங் கூறுவதன்று. 13ஆம் நூற்றாண்டிற் கல்வியை நாடி வந்தார்க்கே ஆசிரியர் கற்பித்தனர். வாராதாரைத் தேடிச் செல்லும் கடமையை அவர்க்கு ஒருவரும் விதித்திலர். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து நாட்டில் வேரூன்றிய பின்னரே, ஆசிரியப் பணியின் வேறாகிய ஒரு பணி தோன்றிற்று. அதனையே தலைமையாசிரியர் பணி என்றும், சற்று விரிந்த அளவிற் கல்வி நிருவாகம் என்றும் வழங்குகிறோம். வந்தவனுக்குக் கற்பித்தல் ஆசிரியர் தொழில். வாராதவன் ஏன் வந்திலன் என்று கேட்டல் தலைமையாசிரியர் தொழில். மணி அடிப்பித்தலும், கால அட்டவணை வகுத்தலும், மேலலுவலகத்திற்கு விடை எழுதுதலும் அத்தொழிலின் புறவுறுப்புக்களே என்பது என் கருத்து. நம் கல்லூரியிற் பயில்வாருட் பலர் ஆசிரியப் பணிக்குச் செல்லும் நோக்கமுடையராதலானும், அவருட் சிலரேனும் ஒருநாள் தலைமை நாற்காலியில் அமர்வராதலானும், இதனை இப்பொழுதே எண்ணிப் பார்த்தல் தகும்.

எடுத்துக்காட்டிற்குத் திண்டுக்கல்லை அடுத்த செம்பட்டிப் பகுதியைக் கொள்வோம். திண்டுக்கல்லினின்று வத்தலக்குண்டிற்குச் செல்லும் பெருஞ்சாலையும், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையும், நிலக்கோட்டைச் சாலையும் அங்கே கூடுகின்றன. தைப்பூசக் காலத்திற் பாதயாத்திரை செல்வார் கூட்டம் அவ்வழியே பழனியை நோக்கி நடக்கும். மேற்கே பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில், ஆத்தூரை அடுத்துக் காமராசர் பெயர் தாங்கிய நீர்த்தேக்கம் உளது. கிழக்கே சின்னாளபட்டியின் கைத்தறிகள். தெற்கே நிலக்கோட்டைப் பகுதியின் பூந்தோட்டங்கள்.

இப்பூந்தோட்டங்களையே சற்று உற்று நோக்குவோம். மல்லிகை மலர்ந்தபின் பறிக்கப்படுவதன்று. மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்துச் சந்தைக்குக் கொண்டுசெல்லப்படல் வேண்டும். ஆகவே பூப்பறிக்கும் குடும்பத்தாரின் நாள், பள்ளியின் நாளுக்கு நான்கைந்து நாழிகை முன்னரே தொடங்கிவிடுகின்றது. தாய் இருளிலேயே தோட்டஞ் சென்றால், வீட்டிலுள்ள மூத்த பெண்ணே கைக்குழந்தைக்குத் தாயாகிறாள். பருவத்திலே மொட்டு மிகுந்தால் அவளும் உடன் செல்கிறாள். வெயில் ஏறிய பின் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தால் இரண்டாம் பாடவேளையிலே கண் செருகுகின்றது. பாடங் கேட்கத் தகாதார் வரிசையில் உறங்குபவனையும் நன்னூல் சேர்த்திருக்கின்றது. அவ்வுறக்கத்தின் காரணத்தை வினவுதல் இலக்கண நூலின் வேலையன்று. தலைமையாசிரியர் அதனை வினவாது விடுவாராயின், அவ்வினாவை வினவுவார் பிறர் இலர்.

இனி, இவ்வினா நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருங்கக் காண்போம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரே தலைமையாசிரியர். அவர்க்கு மேல் அலுவலகம் என்பது இல்லை. 1826ஆம் ஆண்டில் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவற்றுள் மிகப் பலவற்றில் ஒரு பிள்ளை வாராவிடின் சட்டாம்பிள்ளையும் வேறு சில பெரிய மாணவரும் வீட்டிற்கு ஏவப்படுவர். ஒளிந்தவனைக் கைகால் பிடித்துத் தூக்கிவருதலும் உண்டு. முரட்டு முறைதான். ஆயினும் வாராமையை அன்றன்றே அறிந்து, அன்றன்றே வீட்டு வாயிலில் நின்று கேட்ட முறை அது. ஆசிரியரின் வாழ்க்கை பெற்றோர் தரும் நெல்லிலும் காசிலும் நின்றமையால், ஒரு பிள்ளை குறைந்தால் அவர் கலம் குறையும். ஆயின் அத்திண்ணைக்கு வாராது நின்றவர் மற்றொரு கூட்டத்தார். அவர் ஒளிந்தவர் அல்லர், ஏற விடப்படாதவர். பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் மிகப் பெரும்பாலும் அக்கணக்கிலேயே இலர். அவரைத் தூக்கிவரச் சட்டாம்பிள்ளையை ஒருவரும் ஏவிற்றிலர்.

பின்னர் அரசினரின் உதவிப்பணம் வந்தது. திண்டுக்கல்லில் 1835ஆம் ஆண்டிலேயே நிலையங் கண்ட அமெரிக்க மதுரை மிஷன் போன்றாரின் ஊர்ப்பள்ளிகள், திண்ணை ஏற விடப்படாதார்க்கும் கதவு திறந்தன. இதனை மறுப்பார் இலர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதவிப்பணம் தேர்ச்சியைப் பொறுத்து அளக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஆய்வாளர் குறித்த நாளில் வருவார். பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்து பார்ப்பார். தேறினவர் எத்துணையரோ அத்துணைக்குப் பணம். மிஷன் பள்ளியாயினும் பிற பள்ளியாயினும் இம்முறையிற் பள்ளித் தலைவர்க்கு நேர்ந்த சோதனை எளிதில் விளங்கும். தேறமாட்டான் என்று தோன்றியவன் வாராதிருத்தலே வருவாய்க்கு நல்லதாயிற்று! நிருவாகம் எதனை எண்ணுகின்றதோ அதுவே பள்ளியில் வளரும். எண்ணப்படாதது, எத்துணை நல்லாசிரியர் இருப்பினும், மெல்ல மறக்கப்படும்.

இந்த எண்ணிக்கையை மாற்றிய ஒருவரைப் பற்றியே ஈண்டு விரித்துரைக்க விரும்புகிறேன். அவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராய்ச் சென்று துறையின் படிகளில் ஏறியவர். 1954ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநரானார். அவ்வாண்டு ஏப்ரலிலேயே காமராசர் முதலமைச்சராகியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மற்றை நேரத்திற் பிள்ளைகள் தத்தம் பெற்றோர் தொழிலைப் பழகலாம் என்ற திட்டம் கொணரப்பட்டு, குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இற் கைவிடப்பட்டது. அத்திட்டமும் ஒருவகையில் வாராத மாணாக்கனுக்கு விடை கூற முயன்றதே. அவன் வேலைக்குப் போகிறான், ஆகவே பள்ளி அவன் வேலைக்கு இடம் விட்டு ஒதுங்குக என்பது அவ்விடை. புதிய இயக்குநரின் விடை இதற்கு நேர்மாறாயிற்று.

முதலாவது தொலைவு. 300 மக்கள் வாழும் சிற்றூருக்கும் ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்பது அக்காலத்துக் குறிக்கோளாயிற்று. அங்ஙனம் அமைந்த பள்ளிகளிற் பல ஓராசிரியர் பள்ளிகள். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவதைக் கல்வியாளர் சிலர் இகழ்ந்தனர். இகழ்ச்சிக்கு இடமுண்டு. ஆயினும் ஓராசிரியர் பள்ளியின் குறையைத் திருத்த இயலும். மூன்று மைலுக்கு அப்பாலுள்ள நிறைந்த பள்ளிக்கு ஏழு வயதுப் பெண் தனியே ஓடையைக் கடந்து நடந்து செல்லாள் என்பதைத் திருத்த இயலாது.

இரண்டாவது பசி. மதிய உணவுத் திட்டம் 1956ஆம் ஆண்டு தொடங்கிற்று. காமராசர் மாடு மேய்க்கும் சிறுவனைக் கண்டு பேசிய கதையை நாம் அனைவரும் மேடைகளிற் கேட்டிருக்கிறோம். ஆதலின் அதனை ஈண்டு மீண்டும் எழுதேன். அக்கதையைக் காட்டிலும் என் உள்ளத்தைக் கவர்வது அத்திட்டத்தின் கணக்கு. முதலில் ஊரார் மனமுவந்து தந்த அரிசியையும் காய்கறியையும் பணத்தையுங் கொண்டே உலை ஏற்றப்பட்டது. பின்னர் ஓருணவுக்குப் பத்து நயாபைசா என்று கொண்டு, ஆறினை அரசும் நான்கினை ஊராரும் ஏற்கும் முறை வந்தது. இவ்வாறு தொகுத்துச் சமைப்பித்துப் பரிமாறுவிக்கும் பொறுப்புத் தலைமையாசிரியர்மேல் விழுந்தது. அதுகாறும் பிரம்பும் பதிவேடும் தாங்கிய கை அன்று முதல் அகப்பையையும் அளந்து பார்த்தது.

சமையல் ஆசிரியர் வேலையோ என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகின்றது. அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. மேலும், ஊரார் பங்கு என்பது செல்வமுள்ள ஊரில் எளிது. வறிய ஊரில் அரிது. எங்கே பசி மிகுதியோ அங்கே நான்கு நயாபைசாவைத் திரட்டுதல் கடினம். இக்குறையை உணர்ந்தும் யான் அம்முறையைப் போற்றக் காரணம் ஒன்றுண்டு. உணவுக்கு இலை போட எண்ணும்போது, தலைமையாசிரியர் வந்தவரை மட்டுமன்றி வாராதவரையும் எண்ணும்படி ஆயிற்று. ‘இன்று எத்துணைப் பேர்’ என்ற வினா உலைக்கு அரிசி இடுமுன் எழுந்தே தீரும். பதிவேட்டிற் பொய் எழுதினால் பானையில் அது தெரிந்துவிடும்.

மூன்றாவது நாணம். கிழிந்த ஆடையோடு வர நாணி நின்ற பிள்ளைக்குச் சீருடையும், கூரை ஒழுகும் பள்ளிக்கு ஓடும், கரும்பலகை இல்லாத வகுப்பிற்குக் கரும்பலகையும் வேண்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டுவன இவை என்று பட்டியல் எழுதி ஊரார்முன் வைப்பர். இன்னார் இதனைத் தருவர் என்று அவையிலேயே அறிவிப்பர். ஒருவர் நிலம் தருவார். ஒருவர் நாற்காலி தருவார். ஒருவர் சுவர்க்கடிகாரம் தருவார். மேலலுவலகத்திற்கு மனு எழுதி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த தலைமையாசிரியர், தம் ஊராரை நோக்கித் திரும்பி நின்று பேசக் கற்றது இம்மாநாடுகளிலேதான். பிற்காலத்திற் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் (1969 - 1975) விளங்கிய சுந்தரவடிவேலு, ‘நினைவு அலைகள்’ என்ற தம் வரலாற்றை எழுதிவைத்துச் சென்றுள்ளார். கல்வித்துறையை நாடுவார் அதனைப் பாடநூலாகவே கொள்ளலாம்.

செம்பட்டிக்குத் திரும்புவோம். மாநிலத் தலைநகரில் இருந்து ஒருவர் இவ்வாறு செய்ய, செம்பட்டிக்குக் கிழக்கே, சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்தில் வேறொரு வழியிலே இவ்வினா ஆராயப்பட்டது. மருத்துவராகிய சௌந்திரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினர். கையால் ஒரு தொழிலைச் செய்தே எழுத்தையும் கணக்கையும் கற்றல் என்னும் ஆதாரக் கல்வி அங்கே கைக்கொள்ளப்பட்டது. தொழில் என்றவுடன் 1953ஆம் ஆண்டுத் திட்டம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. அங்கே பிள்ளை தன் தந்தை தொழிலுக்கு அனுப்பப்பட்டான். இங்கே எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே இராட்டையின்முன் அமர்ந்தனர்.

காந்திகிராமத்தில் யான் வியப்பது அதுவுமன்று. பள்ளியும், கஸ்தூரிபா பெயரால் எழுந்த தாய்சேய் மருத்துவமும் ஒரே முயற்சியின் இரு கிளைகளாகத் தொடங்கியமையே வியப்பிற்குரியது. கைக்குழந்தையை இடுப்பிற் சுமந்து வீட்டு வாயிலில் நிற்கும் அக்காளைப் பள்ளிக்கு வருவிக்க வேண்டுமாயின், அக்குழந்தையை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும். கல்வி நிருவாகி இதனைத் தன் துறையன்று என்று தள்ளினால் அவள் வாராள். 1952ஆம் ஆண்டு ஆத்தூர்த் தொகுதியினின்று சட்டமன்றம் சென்ற சௌந்திரம் அம்மையார், 1962ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினராகி, நடுவணரசின் கல்வித் துணையமைச்சராகவும் ஆனார். மருத்துவர் கல்வியமைச்சில் அமர்ந்தது பொருத்தமே. நாடு முழுதும் அங்கன்வாடிகள் தோன்றியது அதற்குப் பல்லாண்டு பின்னர், 1975ஆம் ஆண்டில். ஊர்ப்பள்ளியை ஒட்டி அங்கன்வாடி அமைந்த இடங்களில் மூத்த பெண்ணின் பெயருக்கு நேரே வருகைக்குறி கூடுவதை இன்றும் காணலாம்.

இடைக்காலத்தை விரைந்து கடப்போம். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிற் சத்துணவுத் திட்டம் விரிந்த அளவில் தொடங்கிற்று. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் தனியே அமர்த்தப்பட, அடுப்பங்கரை தலைமையாசிரியர் கையினின்று பெரும்பாலும் நீங்கிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் பெற்றோரே மிகுதியாய் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஏற்பட்டன. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் திருக்குவளையில் அது மாநிலமெங்கும் 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. 2024ஆம் ஆண்டு சூலையில் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளும் அதனைப் பெற்றன. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு கொதிக்கும் அவ்வேளை, பூத்தோட்டத்துப் பெண்ணின் வெறும் வயிற்றுக்கு மதியம் வரை காத்திராத விடையாகும்.

எனின், இன்று குறை யாது? தலைமையாசிரியர்க்கு நேரமில்லை என்பதே. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் மாணவர் தொகை 150க்கு மேற்பட்டாலன்றித் தனித் தலைமையாசிரியர் இடம் தோன்றாது. 60 மாணவர் வரை இரண்டே ஆசிரியர். செம்பட்டியைச் சுற்றிய சிற்றூர்களிலும் பிற மாவட்டத்துச் சிற்றூர்களிலும் தலைமையாசிரியர் என்பார், இரண்டு மூன்று வகுப்புக்களை ஒருங்கே நடத்தும் ஆசிரியர்தாம். எழுத்தர் இல்லை. ‘எமிஸ்’ என்று வழங்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் வருகையும், நலத்திட்டப் பொருள்களின் கணக்கும், பிறவும் அவரே கைப்பேசியிற் பதிவு செய்தல் வேண்டும். சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர்த் துயர்நீக்கம், தேர்தல் ஆகியவையொழிந்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கின்றது. பதிவிடுதல் கல்விசார்ந்த பணியே என்று கூறிவிட்டால் அப்பிரிவு வாய் மூடிக்கொள்கின்றது!

அம்முறைமையை யான் பழிக்க வரவில்லை. கொள்ளை நோய்க் காலத்தில் 2020 மார்ச்சு மாதத்தில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ளார்க்கு 2021 நவம்பர் முதல் நாளிலேதான் திறந்தது. எந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை என்று பெயர் பெயராய்க் காணுதற்கு அத்தகைய பதிவு இன்றியமையாதது. ஆனால் யார் வரவில்லை என்பதை மட்டுமே கைப்பேசி கூறும். ஏன் என்பதற்கு ஒருவர் நடந்து செல்லல் வேண்டும். நடந்து செல்ல வேண்டிய கால் பதிவிடுவதற்காக நாற்காலியிற் கட்டுண்டு கிடக்கின்றது. சிறு பள்ளிகள் நான்கைந்திற்குச் சேர்த்தேனும் ஓர் எழுத்தரை அமர்த்தினால் மாலையில் ஒரு நாழிகை தலைமையாசிரியர்க்கு மீளும். தலைமையாசிரியரை வகுப்பினின்று முற்றும் விடுவித்தல் வேண்டும் என்பாரோடு யான் உடன்படேன். கற்பிக்காத தலைமையாசிரியர்க்குப் பிள்ளையின் முகம் மறந்துபோம். முகம் மறந்தார்க்கு வெற்றிடம் தெரியாது.

இப்பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தம் வழக்கம் ஒன்றைக் கூறக் கேட்டேன். அரசுப் பதிவேட்டில் வாராமைக்கு ஒரே குறிதான். ஆகவே அவர் தனியே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அதில் பெயருக்கு நேரே ‘பூ’ என்று எழுதினால் பறிப்புக்குச் சென்றாள் என்று பொருள். ‘தம்பி’ என்றால் குழந்தை பார்க்க நின்றாள். ‘கால்’ என்றால் செருப்பின்றி முள் தைத்தது. ‘ஊர்’ என்றால் பெற்றோர் வேலை தேடி வெளியூர் அழைத்துச் சென்றனர். மாத முடிவில் எந்தச் சொல் மிகுந்திருக்கின்றதோ அதனை எடுத்துக்கொண்டு மேலாண்மைக் குழுவின் முன் செல்வார். ‘பூ’ மிகுந்த மாதங்களிலே தோட்டக்காரர் வீட்டிற்கும் செல்வார். அங்கே சில வேளை வசையும் சில வேளை ஒரு முழம் மல்லிகையும் கிடைத்ததாம். ‘கால்’ மிகுந்த ஆண்டில், விலையில்லாக் காலணி வந்து சேர்ந்த நாளிலேயே அளவு பார்த்து வழங்கிவிட்டு, மறுமாதம் அச்சொல் எத்துணை முறை வந்தது என்று எண்ணிப் பார்த்தாராம்.

அந்நோட்டு அரசுப் பதிவேடு அன்று; ஆதலின் அவர் ஓய்வுபெற்ற நாளில் எழுதிய பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை. மேசை, நாற்காலி, பீரோ, சாவிக்கொத்து, பதிவேடுகள் என எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்திட்டபின், அதனைத் தனியே எடுத்துப் புதிதாய் வந்தவர் கையிற் கொடுத்து, ‘பூ’ என்பதன் பொருளை வாயாற் சொல்லிவிட்டு வந்தார்.